தொப்பியில் ராபின், மேஜையில் அணில்: பிரிட்டனைப் போருக்குள் அழைத்துச் சென்ற அமைச்சரின் இன்னொரு வாழ்க்கை

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தோட்டத்தில் அசையாமல் இருக்கிறார். அந்தத் தொப்பியின் மேல், ஏதோ தன் வீட்டு மொட்டைமாடி மாதிரி, ஒரு ராபின் குருவி நிற்கிறது.

பார்த்தால் ரிட்டயர்டு வாத்தியார் என்றுதான் தோன்றும். ஆனால் அவர் எட்வர்ட் கிரே. பிரிட்டனின் வெளியுறவுத்துறை அமைச்சராக 1905 டிசம்பரிலிருந்து 1916 டிசம்பர் வரை 11 வருடம் இருந்தவர். அந்த நாற்காலியில் தொடர்ச்சியாக அவ்வளவு காலம் உட்கார்ந்தவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டன் ஏன் இறங்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் எழுந்து பேசியவர் அவர்தான்.

அந்தப் புகைப்படத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தலைக்கு மேல் நிற்கும் அந்தக் குருவி மட்டுமல்ல, கைக்கு வந்து உட்காரும் குருவியைக்கூட அவரால் சரியாகப் பார்க்க முடியாது. பார்வை போய்க்கொண்டிருந்தது.

டீ பாக்கெட்டில் இருக்கும் குடும்பம்

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஏர்ல் கிரே டீயைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான பழைய பிரதமர், எட்வர்ட் கிரேயின் கொள்ளுத்தாத்தாவுக்கு அண்ணன். அரசியல் என்பது அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜைப் பேச்சு.

எட்வர்ட் பிறந்தது 1862 ஏப்ரல் 25-ல், லண்டனில். 12 வயதில் அப்பா இறந்துவிட்டார். வளர்த்தது தாத்தா சர் ஜார்ஜ் கிரே. அவரும் சாதாரண ஆள் இல்லை, உள்துறை அமைச்சராக இருந்தவர். இங்கிலாந்தின் வடக்கு ஓரத்தில், ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் ஃபாலடன் என்ற இடத்தில் அவர்களுடைய பண்ணை வீடு. சுற்றிலும் மரங்கள், பெரிய தோட்டம், கொஞ்ச தூரத்தில் கடல். கையில் தூண்டிலோடு ஓடைக்கரையில் நின்ற பையனுக்கு மீனில்தான் முதல் ஆர்வம். பறவைகள் பிறகு வந்தன.

1882-ல் தாத்தாவும் போய்விட, 20 வயதில் பட்டமும் பண்ணையும் அவர் தலையில் வந்து விழுந்தன.

ஆக்ஸ்ஃபோர்டு துரத்திவிட்ட மாணவர்

அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். டென்னிஸ் ஆடினார் என்பதுதான் சரி. அதுவும் இப்போது டிவியில் பார்க்கும் டென்னிஸ் இல்லை, நாலு சுவருக்குள் ஆடும் அதன் மூதாதை. அதில் பின்னாளில் ஐந்து முறை தேசிய சாம்பியன் ஆனார். படிப்பு? 1884 ஜனவரியில் சோம்பேறித்தனம் என்று காரணம் காட்டிக் கல்லூரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கோடையில் திரும்பிப் போய்த் தேர்வு எழுதி, சட்டத்தில் மூன்றாம் வகுப்பு வாங்கினார்.

வீட்டுக்கு வந்த அந்த 1884-ல்தான் வேறொரு வேலையை ஆரம்பித்தார். ஃபாலடன் தோட்டத்தில் இருந்த குளங்களைச் சுற்றி, நரி நுழையாதபடி வேலி கட்டினார். நீர்ப்பறவைகளை வாங்கி விட்டார். அவை பொரித்த குஞ்சுகளின் சிறகை வெட்டவில்லை. வளர்ந்ததும் பறக்கட்டும், போனால் போகட்டும், வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டார். நிறையப் பறவைகள் திரும்பி வந்தன. சாயங்காலம் தானியத்தோடு குளக்கரைக்குப் போவது அவருடைய வழக்கம் ஆனது. சாகும் வரை, கிட்டத்தட்ட 50 வருடம், அந்த வழக்கம் விடவில்லை.

அந்தக் குளங்களில் இருந்த நாமத்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தில் நம்மூர் ஏரிகளுக்கும் வருகிற அதே இனங்கள்தான்.

டோரதி

1885-ல் இரண்டு விஷயம் நடந்தது. பெரிக்-அபான்-ட்வீட் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் ஜெயித்து, 23 வயதில் நாடாளுமன்றத்துக்குப் போனார். சபையிலேயே சின்னப் பையன் அவர். அதே வருடம் டோரதி விடிரிங்டனைக் கல்யாணம் செய்துகொண்டார்.

டோரதிக்கு லண்டன் விருந்துகள் பிடிக்காது. பெரிய மனிதர்கள் பேச்சு அலுப்பு. பறவை, செடி, காட்டுவழி நடை என்றால் உயிர். கணவனுக்கும் அதேதான். 1890-ல் தெற்கே ஹாம்ப்ஷயரில், இட்சன் ஆற்றங்கரையில், இட்சன் அபாஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடில் போட்டுக்கொண்டார்கள். வசதி ஒன்றும் பெரிதாகக் கிடையாது. சனிக்கிழமை அதிகாலை ரயிலைப் பிடித்து லண்டனிலிருந்து கிளம்பிவிட்டால், ஞாயிறு முழுக்க அங்கேதான். இவர் மீன் பிடிப்பார், அந்த அம்மா புத்தகம் படிப்பார், நடுவில் எந்தப் பறவை எப்போது பாட ஆரம்பித்தது என்று குறித்துவைப்பார்கள்.

அந்தக் குறிப்புகளை 1894 முதல் 1905 வரை இருவரும் மாற்றி மாற்றி ஒரே நோட்டில் எழுதினார்கள். எந்தப் பூ பூத்தது, எந்தக் கூட்டில் குஞ்சு வந்தது, இந்த வருடம் எந்தப் பாட்டு முந்திக்கொண்டது. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து எழுதும் டைரி என்பதே அபூர்வம். அதிலும் 11 வருடம்!

1905 டிசம்பரில் கிரே வெளியுறவுத்துறை அமைச்சர் ஆனார். இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 1906 பிப்ரவரி 1-ல் ஃபாலடனுக்குப் பக்கத்தில் குதிரை வண்டியிலிருந்து டோரதி தூக்கி எறியப்பட்டார். நினைவு திரும்பவில்லை. மூன்று நாள் கழித்து இறந்துபோனார். அவர்களுக்குக் குழந்தை கிடையாது.

கிரே வேலைக்குத் திரும்பினார். நோட்டுப் புத்தகம் அதோடு நின்றது. 1909-ல் அதைத் தன் செலவில் அச்சடித்து நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தார்.

அமெரிக்க அதிபரோடு ஒரு நடை

1910-ல் நடந்த ஒரு சம்பவம் கிரேயின் சுபாவத்தைப் புரிந்துகொள்ள உதவும். அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கியிருந்த தியடோர் ரூஸ்வெல்ட், ஆப்பிரிக்கா, ஐரோப்பா சுற்றிவிட்டு இங்கிலாந்து வந்தார். சிங்கம் சுட்ட மனிதர். அவருக்கு ஒரு விசித்திர ஆசை. ஆங்கிலக் கவிதைகளில் வரும் பறவைகளின் பாட்டை எல்லாம் நேரில் கேட்க வேண்டும், பெயர் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். அப்படிப்பட்ட ஆள் யார் என்று விசாரித்தால், நாட்டின் வெளியுறவுத்துறை அமைச்சரே கைதூக்கினார்.

ஜூன் 9-ம் தேதி இருவரும் இட்சன் பள்ளத்தாக்கில் நடக்க ஆரம்பித்தார்கள். நிருபர்கள் இல்லை, பந்தோபஸ்து இல்லை. வழியில் ஓரிடத்தில் பாதையே வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. திரும்பிவிடலாமா என்றால் ரூஸ்வெல்ட் கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். அன்று சுமார் 40 வகைப் பறவைகளைக் கண்டும் கேட்டும் பதிவு செய்தார்கள். அவற்றில் 20-க்கும் மேற்பட்டவை பாடின. ஒரு சின்னஞ்சிறு பறவையின் குரலைக் கேட்டதும், இதே மாதிரி ஒன்று எங்கள் ஊரிலும் உண்டே என்று ரூஸ்வெல்ட் சட்டெனப் பிடித்துவிட்டாராம். கிரே அசந்துபோனார். ராத்திரி நியூ ஃபாரஸ்ட் காட்டோரம் ஒரு விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் ரூஸ்வெல்ட் சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறினார்.

உலகின் இரண்டு பெரிய சக்திகளின் முக்கியப் புள்ளிகள் 20 மணி நேரம் தனியாக இருந்தார்கள். பேசியது பெரும்பாலும் குருவிகளைப் பற்றி.

அந்தச் சனிக்கிழமை

இங்கேதான் கதை சிக்கலாகிறது.

1914 ஜூன் 28-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக்கொல்லப்பட்டார். ஜூலை 23-ல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு வைத்தது. கெடு முடிகிற ஜூலை 25, சனிக்கிழமை. கிரே வழக்கம்போல இட்சன் அபாஸ் குடிலுக்குக் கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் இருந்த மூத்த அதிகாரி, நாலு நாடுகளைக் கூட்டிச் சமாதான மாநாடு நடத்தலாம் என்று யோசனை சொல்லித் தந்தி அடித்தார். கிரே பதில் தந்தியில் சரி என்றார். முந்தைய இரண்டு வருடத்தில் பால்கன் போர்களின்போது லண்டனில் இதே போன்ற மாநாட்டை நடத்தி, பெரிய போர் மூளாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அதே மருந்து இந்தத் தடவையும் வேலை செய்யும் என்று நம்பினார். ஜெர்மனி ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வார இறுதியை வைத்து இன்று வரை அவரைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஐரோப்பா பற்றி எரியும்போது ஆற்றங்கரையில் மீன் பிடித்தார் என்று. கொஞ்சம் நியாயமில்லாத கிண்டல் அது. தந்தி போக வரத்தான் செய்தது, முடிவுகளும் எடுக்கப்பட்டன. ஆனால் வேறு சில குற்றச்சாட்டுகளை அப்படித் தள்ளிவிட முடியாது. 1906-லிருந்தே பிரிட்டன், பிரான்ஸ் ராணுவ அதிகாரிகள் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது கிரேயின் அனுமதியோடு நடந்தது. அமைச்சரவையில் பெரும்பாலானோருக்கு 1911 வரை அது தெரியாது. போர் வந்தால் பிரிட்டன் என்ன செய்யும் என்று கடைசி நாட்கள் வரை ஜெர்மனிக்கும் புரியவில்லை, பிரான்ஸுக்கும் புரியவில்லை. முன்னாடியே தெளிவாகச் சொல்லியிருந்தால் ஜெர்மனி பின்வாங்கியிருக்குமா? வரலாற்று ஆசிரியர்கள் நூறு வருடமாக இதைத்தான் அடித்துக்கொள்கிறார்கள். அவரோடு ஒரே அமைச்சரவையில் இருந்த லாயிட் ஜார்ஜே பின்னாளில் தன் போர் நினைவுகளில் கிரேயைக் கடுமையாகச் சாடினார். மறுபக்கம் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. தெளிவாகச் சொல்ல வேண்டுமென்றால் அமைச்சரவை ஒன்றாக இருந்திருக்க வேண்டும். பாதிப்பேர் போரே வேண்டாம் என்று ராஜினாமாக் கடிதத்தோடு நின்றார்கள்.

ஆகஸ்ட் 3-ல் நாடாளுமன்றத்தில் கிரே பேசினார். பெல்ஜியத்தைக் காப்பதாக 1839-ல் கொடுத்த வாக்கு, பிரான்ஸைக் கைவிட்டால் வரும் அவமானம். அலங்காரம் இல்லாத பேச்சு. தயங்கிக்கொண்டிருந்த சபை அவர் பக்கம் சாய்ந்தது. அன்று மாலை, ஜன்னல் வழியே தெருவிளக்குகள் ஏற்றப்படுவதைப் பார்த்து அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மறுநாள் இரவு 11 மணிக்கு பிரிட்டன் போரில் இறங்கியது.

பிரிட்டன் இறங்கினால் இந்தியாவும் இறங்கியாக வேண்டும். யாரும் கேட்கவில்லை. இங்கிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் தாண்டிப் போனார்கள். 70,000-க்கும் மேல் உயிரிழந்தார்கள். செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதும், எம்டன் என்பது தமிழில் வசைக்கும் வியப்புக்குமான வார்த்தை ஆனதும் அந்தப் போர் கொண்டுவந்த கதைதான்.

மங்கும் வெளிச்சம்

அதே 1914-ல் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஸ்குவாஷ் ஆடும்போது பந்து கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மருத்துவரிடம் போனார். விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது, ஓய்வு எடுக்காவிட்டால் படிக்கும் திறன் போய்விடும் என்றார்கள். போர் ஆரம்பித்த மனிதருக்கு ஓய்வு எங்கே? ராத்திரி பகலாகத் தந்திகளையும் கோப்புகளையும் படித்தார். 1916 டிசம்பரில் பதவியிலிருந்து இறங்கியபோது கண்ணும் போய்க்கொண்டிருந்தது, மனசும் களைத்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் அவரைச் சும்மா விடவில்லை. 1917-ல் ஃபாலடன் வீடு தீப்பிடித்து எரிந்தது. 1923 ஜனவரியில் டோரதியோடு வாழ்ந்த இட்சன் அபாஸ் குடிலும் எரிந்து சாம்பலானது. 1911-லேயே ஒரு தம்பி ஆப்பிரிக்காவில் சிங்கம் தாக்கி இறந்திருந்தார். 1928-ல் இன்னொரு தம்பி காட்டெருமை முட்டி இறந்தார். 1922-ல் பமீலா கிளென்கானரைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாவும் 1928 நவம்பரில் காலமானார்.

நடுவில் 1919-ல் சிறப்புத் தூதராக அமெரிக்கா போனார். அதிபர் வில்சன் படுத்த படுக்கை, பார்க்கவே இல்லை. அரசியல் தூது தோற்றது. ஆனால் திரும்பும் முன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பொழுதுபோக்கு பற்றி. அதில்தான் ரூஸ்வெல்ட்டோடு நடந்த அந்த நாளை விவரித்தார். ரூஸ்வெல்ட் அந்த வருட ஆரம்பத்தில் இறந்துபோயிருந்தார்.

ராபினை எப்படிக் கைக்கு வரவைப்பது?

ஐரோப்பிய ராபின் 20 கிராம்கூடத் தேறாத குருவி. ஆரஞ்சு மார்பு, உருண்டைக் கண். ஆள் பார்க்கத்தான் சாது. தன் எல்லைக்குள் இன்னொரு ராபின் வந்தால் ரத்தம் வரும் வரை சண்டை போடும்.

கிரே அதைப் பழக்கிய முறை ரொம்ப எளிது. முதலில் ரொட்டித் துணுக்கைத் தரையில் போடுவார். குருவி வந்து பழகியதும் மாவுப்புழுவைப் போடுவார். மாவுப்புழு என்றால் ராபினுக்குப் பிரியாணி மாதிரி. அடுத்து, பயணத்தில் சோப்பு வைத்துக்கொள்ளும் தகர டப்பா ஒன்றில் புழுக்களைப் போட்டுத் தரையில் வைப்பார். குருவி டப்பாவிலிருந்து எடுக்கப் பழகும். அப்புறம்தான் கஷ்டமான கட்டம். மண்டியிட்டு, புறங்கையைத் தரையில் வைத்து, விரித்த உள்ளங்கையில் டப்பா. விரல்கள் டப்பாவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குருவி முதலில் விரல் நுனியில் ஒரு நொடி நின்று, எடுத்துக்கொண்டு ஓடும். அந்தத் தயக்கம் தீர்ந்துவிட்டால், மெதுவாகக் கையை மேலே தூக்கலாம். எழுந்து நின்றாலும் வரும்.

எல்லாம் இரண்டு மூன்று நாள் வேலை. கடும் குளிரில், பசி அதிகமாக இருக்கும்போது அதைவிடச் சீக்கிரம். அவர் கவனித்த சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், பசியால் வந்த நெருக்கம் பசி தீர்ந்ததும் போகவில்லை. வசந்தம் வந்து, தோட்டம் முழுக்கப் பூச்சி கிடைக்கும்போதும் குருவி கைக்கு வந்தது. ஒரு தடவை நம்பிவிட்டால் நம்பியதுதான்.

கைக்கு வரும் குருவிகளை வைத்து அவர் வேறொன்றையும் புரிந்துகொண்டார். தோட்டத்தில் எங்கே ஒருவருடைய எல்லை முடிகிறது, எங்கே அடுத்தவருடையது ஆரம்பிக்கிறது என்று. ஒரே பெஞ்சில் இரண்டு ராபினுக்குச் சாப்பாடு போட முடியாது. ஒன்று மற்றொன்றைத் துரத்திவிடும். குளிர்காலம் முழுக்க ஆணும் பெண்ணும்கூட எதிரிகள்தான். வசந்தம் நெருங்கியதும் காட்சி மாறும். அதே ஆண் குருவி அவர் கையிலிருந்து புழுவை எடுத்து, தான் சாப்பிடாமல், பக்கத்துக் கிளையில் காத்திருக்கும் பெண்ணுக்கு ஊட்டும். சிறகில் ஒரே ஒரு வெள்ளை இறகு இருந்த ராபின் ஒன்று இருந்தது. அந்த அடையாளத்தால் அது யார் என்று அவருக்கு எப்போதும் தெரியும். வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்யும் பழக்கம் பரவலாகாத காலத்தில், அந்த ஒற்றை இறகுதான் அவருக்கு அடையாள அட்டை.

ராபினோடு அணில்களும் உண்டு. வட இங்கிலாந்தின் சொந்த இனமான செவ்வணில். காதில் குஞ்சம் மாதிரி முடி, செம்பட்டை உடம்பு. ஃபாலடன் நூலக அறையின் ஜன்னல் வழியே உள்ளே வந்து, அவர் எழுதும் மேஜை மேல் ஏறி, கொட்டைகளை எடுத்துக்கொண்டு போகும். ஒரு காலத்தில் வல்லரசுகளின் கடிதங்களைப் படித்த மனிதரின் மேஜை. இப்போது கொட்டை டப்பா.

பார்வை மங்க மங்க, அவர் காதுக்கு மாறினார். பிரெயில் படிக்கக் கற்றுக்கொண்டார். கவிதைகளை விரலால் படித்தார். குளத்தில் எந்த வாத்து இறங்குகிறது என்பதைக் குரலை வைத்துச் சொல்வார். நாமத்தலை வாத்து விசில் அடிக்கிற மாதிரி கூவும், அதைத் தெரிந்துகொள்ளக் கண் எதற்கு?

1927-ல் அவருடைய பறவைப் புத்தகம் வெளிவந்தது. ராபர்ட் கிப்பிங்ஸின் மரச்செதுக்கு ஓவியங்களோடு வந்த அந்த நூலில், எந்த மாதத்தில் எந்தப் பாட்டு என்பதுதான் மையம். ராபினைப் பழக்கும் செய்முறையும் அதில்தான் இருக்கிறது. தன் புத்தகத்துக்கு அறிவியல் மதிப்பு ஒன்றும் கிடையாது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். வாசகர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பலமுறை மறுபதிப்பு வந்தது. இரண்டு வருடம் முன்னால் வந்த அவருடைய அரசியல் நினைவுக் குறிப்பு, தன் முடிவுகளுக்கான நீண்ட விளக்கம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு வித்தியாசம் புரியும். அரசியல் புத்தகத்தில் தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருக்கிறது. பறவைப் புத்தகத்தில் அது இல்லை.

1928-ல் இன்னொரு வேடிக்கை. சோம்பேறி என்று சொல்லி அனுப்பிய அதே ஆக்ஸ்ஃபோர்டு, அவரைப் பல்கலைக்கழக வேந்தர் ஆக்கியது. அந்தப் பதவியோடு, 1933 செப்டம்பர் 7-ல், 71 வயதில், ஃபாலடன் வீட்டிலேயே இறந்தார். அஸ்தியை அதே தோட்டத்தில் வைத்தார்கள்.

அவருக்குப் பிறகு

அவர் நினைவாக நிதி திரட்டி, 1938-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பறவை ஆய்வுக்கான எட்வர்ட் கிரே நிறுவனம் தொடங்கப்பட்டது. 1945-ல் அதன் இயக்குநர் ஆனவர் டேவிட் லாக். ராபின்களின் காலில் வண்ண வளையம் மாட்டி, அவற்றின் எல்லைச் சண்டையையும் குடும்ப வாழ்க்கையையும் முறையாக ஆராய்ந்து 1943-ல் புத்தகம் எழுதியவர். கிரே தகர டப்பாவோடு மண்டியிட்டுப் பார்த்ததை, லாக் அறிவியலாக்கினார் என்று சொன்னால் தப்பில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள வைதம் காட்டில் இந்த நிறுவனம் 1947 முதல் பட்டாணிக் குருவி வகைப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவருகிறது. உலகிலேயே நீண்ட காலம் நடக்கும் காட்டுயிர் ஆய்வுகளில் அது ஒன்று. அந்தத் தரவுகளையும் நெதர்லாந்துப் பறவைகளின் தரவுகளையும் ஒப்பிட்டு 2017-ல் ஒரு முடிவு வந்தது. பிரிட்டன் பறவைகளின் அலகு கொஞ்சம் நீண்டிருக்கிறது! காரணமாக ஆய்வாளர்கள் சந்தேகப்படுவது, தோட்டங்களில் தொங்கும் தீவனக் கூடுகளை. பிரிட்டனில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் பறவைகளுக்குத் தீனி வைக்கின்றன. கம்பி வலைக்குள்ளிருந்து கடலையை உருவ நீண்ட அலகு வசதி. கிரே காலத்தில் ஒரு சிலரின் பொழுதுபோக்காக இருந்தது, இன்று ஒரு பறவையின் முகத்தையே மாற்றிக்கொண்டிருக்கலாம்.

அந்தச் செவ்வணில்கள் என்ன ஆயின? 1876-ல் செஷயரில் ஒரு பணக்காரர் வட அமெரிக்காவிலிருந்து சாம்பல் அணில்களைக் கொண்டுவந்து தோட்டத்தில் அழகுக்காக விட்டார். கிரே மேஜையில் கொட்டை வைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அவை தெற்கில் பெருக ஆரம்பித்திருந்தன. ஆங்கிலத்தில் அந்த அணிலுக்குப் பெயரும் கிரே. என்ன செய்ய! சாம்பல் அணில் உடம்பில் சுமக்கும் ஒருவகை அம்மை வைரஸ், அதை ஒன்றும் செய்வதில்லை. செவ்வணிலுக்கு வந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மரணம். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் செவ்வணில் இன்று இல்லை. மிச்சம் இருக்கும் சில இடங்களில் முக்கியமானது, கிரேயின் நார்தம்பர்லாந்து.

அங்கே தன்னார்வலர்கள் இன்றும் மரங்களில் கொட்டைப் பெட்டி மாட்டி, யார் வந்து போகிறார்கள் என்று கேமரா வைத்துப் பார்க்கிறார்கள். பெட்டியை அடிக்கடி கிருமிநாசினி போட்டுக் கழுவ வேண்டும். பல அணில்கள் வாய் வைக்கும் இடம் என்பதால் வைரஸ் அங்கிருந்தே பரவலாம். ஏதாவது ஒரு அணிலின் கண்ணோரத்தில் புண் தெரிந்தால், அன்றைக்கே அந்த வட்டாரத்தில் உள்ள பெட்டிகளைக் கழற்றிவிடுவார்கள்.